பேரையூரிலிருந்து வந்த கட்டு

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. பஸ் ஐந்து நிமிடம் தாமதித்தால் நகத்தைக் கடித்துத் துப்ப ஆரம்பித்துவிடுவேன். பால் பொங்குவதற்குள் அடுப்புக்கும் வாசலுக்கும் நாலு நடை நடந்துவிடுவேன். இப்படிப்பட்டவள் ஆராய்ச்சிப் படிப்புக்குப் போனது யார் செய்த பாவமோ தெரியவில்லை.

எழுபதுகளின் கடைசியில் மதுரைப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் கல்வியியல் துறையில் சேர்ந்தேன். ஆசிரியர் பயிற்சியில் படித்ததெல்லாம் கிராமத்துப் பள்ளியில் உண்மையிலேயே உதவுகிறதா என்பதுதான் என் ஆய்வு. ஆரப்பாளையத்தில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். கூட இருந்தவள் வேதியியல் துறையில் பாலிமர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அவள் சேலையில் எந்நேரமும் அழுகிய பழம்போல ஒரு மருந்து வாடை அடிக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது.

ஒருநாள் அவளைக் கூப்பிட்டுக்கொண்டு போக லேபுக்குப் போனேன். கண்ணாடிக் குழாய்களில் மூன்று நாளாக ஒரே சூட்டில் வைத்திருந்ததையெல்லாம் எடுத்துக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது?"

"கரண்ட் பத்து நிமிஷம் போயிருச்சு. தண்ணி ஆறிப்போச்சு."

"பத்து நிமிஷந்தானே? அப்படியே எழுதிக்கிற வேண்டியதுதான்."

அவள் சிரித்தாள். "ஒனக்கு எல்லாத்துலயும் அவசரம்" என்று சொல்லிவிட்டுக் குழாய்களைக் கழுவப் போய்விட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. இந்த வேகத்தில் போனால் இவள் கிழவியான பிறகுதான் பட்டம் வாங்குவாள் என்று நினைத்தேன்.

என் ஆய்வுக்குக் குழாயும் கிடையாது, கரண்டும் வேண்டாம். நாற்பது வாக்கியங்கள் அச்சடித்த ஒரு படிவம், அவ்வளவுதான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே 'முழுவதும் ஒப்புக்கொள்கிறேன்' என்பதிலிருந்து 'சிறிதும் ஒப்புக்கொள்ளவில்லை' என்பதுவரை ஐந்து கட்டங்கள். ஆசிரியர் ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். பள்ளி பள்ளியாகப் போய், ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்து வாங்க வேண்டிய படிவம் அது. அந்த வெயிலில் யார் அலைவது என்று பல்கலைக்கழக முத்திரை குத்திய பழுப்புக் கவரில் போட்டுத் தலைமையாசிரியர்களுக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

பேரையூர்ப் பக்கத்துப் பெரிய பள்ளி ஒன்றிலிருந்துதான் முதல் கட்டு வந்தது. இருந்ததிலேயே பெரிய கட்டும் அதுதான். ஒரு வாக்கியம்கூட விடுபடவில்லை. துள்ளிக் குதித்தேன். மற்றக் கட்டுகளும் வந்து சேர்ந்தபின் பிரித்து எண்ண உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். புதிதாக வேலைக்கு வந்தவரும் ஓய்வுபெறப் போகிறவரும் நாற்பது இடத்திலும் ஒரே மாதிரி டிக் போட்டிருந்தார்கள். பயிற்சியில் படித்தது அத்தனையும் அத்தனை பேருக்கும் முழுக்க முழுக்க உதவியிருந்தது. ஒரே ஒரு படிவத்தில் மட்டும் பிளேடால் சுரண்டிய தடம் இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். முதலில் போட்ட டிக்குகள் எல்லாம் கடைசிக் கட்டத்தில் இருந்திருக்கின்றன.

மறுநாளே திருமங்கலம் போய், பஸ் மாறிப் பேரையூர் போனேன். தலைமையாசிரியர் கலர் சோடா உடைத்துக் கொடுத்து உபசரித்தார்.

"முத்திரை போட்டு வந்துச்சாம்மா, இன்ஸ்பெக்ஷன் சம்பந்தமா இருக்கும்னு நெனச்சேன். நம்ம பள்ளிக்கொடத்துக்குக் கெட்ட பேரு வந்துறக் கூடாதுல்ல? சரியான விடையெல்லாம் நானே போர்டுல எழுதிப் போட்டேன். எல்லாரும் பாத்து எழுதிட்டாக. தப்பு ஒண்ணும் இல்லையே?"

அவர் முகத்தைப் பார்த்தால் கோபப்படக்கூட முடியவில்லை. மனுஷர் எனக்கு உதவியதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

படிவத்திலிருந்த பெயரைச் சொல்லி விசாரித்தேன்; பிளேடால் சுரண்டியவர் ஓர் இளம் ஆசிரியர். மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே அறையில் அவரிடம் இருந்தன. என்னோடு பேச அவர் வெளியே வந்ததுமே உள்ளே சந்தைக்கடைச் சத்தம் கிளம்பிவிட்டது.

"கேக்குதுல்ல டீச்சர்? அம்புட்டுப் பிள்ளைகளையும் ஒண்ணா வச்சுக்கிட்டு எப்படி நடத்துறதுன்னு டிரெயினிங்ல ஒரு வார்த்தை சொல்லித் தரல. அதைத்தான் மொதல்ல எழுதுனேன். போர்டைப் பாத்ததும் பயமாப் போச்சு. எனக்கு வேலை இன்னும் பெர்மனென்ட் ஆகல."

"பேரு இல்லாம புதுப் படிவம் தந்தா உள்ளதை எழுதுவீங்களா?"

வகுப்பைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார், "நீங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா ஒக்காந்து கேட்டா எல்லாருமே எழுதுவாக டீச்சர்."

பேரையூரிலிருந்து திருமங்கலம் வரும்வரை, கட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பது என்றுதான் இருந்தேன். அதற்கு இன்னும் ஆறு மாதமாவது ஆகும். ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை ஒன்று காலியாக இருந்தது. மூன்று மாதத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால்தான் அதற்கு மனுப்போட முடியும். திருமங்கலத்தில் பஸ் கிளம்பவில்லை. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். அந்தக் கால் மணி நேரத்தில் என் புத்தி மாறிவிட்டது. ஆரப்பாளையத்தில் இறங்கியபோது கட்டு பையில் பத்திரமாக இருந்தது. என் நெறியாளரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அறைத்தோழியிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவள் என்ன சொல்லுவாள் என்று தெரியும்.

வாய்மொழித் தேர்வு பொதுவில் நடக்கும், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். உதவிய பள்ளிகளுக்கெல்லாம் அழைப்பு அனுப்புவது மரியாதை என்று நெறியாளர் சொன்னதால் எல்லோருக்கும் அஞ்சலட்டை போட்டிருந்தேன். ஒருவரும் வர மாட்டார்கள் என்ற தைரியம்தான். பேரையூர்த் தலைமையாசிரியர் தனக்குப் பதிலாக அந்த இளம் ஆசிரியரை அனுப்பி வைத்துவிட்டார். வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரைக் கண்டதும் நகத்தைக் கடிக்க ஆரம்பித்துவிட்டேன்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டி நேரே பேரையூர் விவரம் இருந்த பக்கத்துக்குத்தான் போனார். "பேரையூர்ப் பகுதியில் எல்லோரும் இவ்வளவு நிறைவாக இருக்கிறார்களே, நேரில் போய்ச் சரிபார்த்தீர்களா?"

"பார்த்தேன், சார். ஆசிரியர்களிடமே பேசினேன். அவர்கள் எழுதியது உண்மைதான்."

குரல் நடுங்கவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார்கள், எல்லோரும் கைதட்டினார்கள்.

வராந்தாவில் அந்த ஆசிரியர் ஓரமாக நின்றிருந்தார். நாலு பேர் முன்னால் நறுக்கென்று கேட்டுவிடுவார் என்று பயந்து, வேறு பக்கம் போகத் திரும்பினேன். அவர் வேகமாக வந்து கைகூப்பினார். கண் கலங்கியிருந்தது.

"ரொம்ப நன்றி டீச்சர். நான் சொன்னதை எங்க எழுதிருவீகளோன்னு இத்தனை மாசமா நிம்மதியில்ல. என் வேலைக்காக அம்புட்டுப் பேரு முன்னாடி நீங்க பொய் சொன்னீக. சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"பரவாயில்லை" என்றேன்.