சேகர் அண்ணன் ஏன் அஞ்செட்டிக்குக் குடிபோனார்

ஓசூரில் வாடகை அறையில் தனியாக இருந்து அலுத்துவிட்டது. வேலையை விட்டுவிட்டு ஏதாவது கிராமத்துக்குப் போய்விடலாமா என்று யோசனை. கம்பெனியில் என்னோடு இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் இருந்த சேகர் அண்ணன் போன வருஷம் அப்படித்தான் போனார். அவரைப் பார்த்துக் கேட்டுவரலாம் என்று தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

காலை ஏழு மணி பஸ். கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டிக்கு ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். இரண்டு மணி நேரம் ஆகிறது. தேன்கனிக்கோட்டை தாண்டினால் காடு, சிக்னல் போய்விடும். இறங்கி மூன்று கிலோமீட்டர் நடந்தேன். மாடு ஓட்டி வந்த ஒருவர் கன்னடத்தில் ஏதோ கேட்டார். புரியாமல் சிரித்துவைத்தேன்.

அண்ணன் களத்தில் ராகி அடித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன், திரும்பவில்லை. தோளைத் தொட்ட பிறகுதான் பார்த்தார். பிரஸ் சத்தத்திலேயே வருஷக்கணக்காக நின்றதில் காது முக்கால்வாசி போய்விட்டது. அது எனக்கு முன்பே தெரியும். ஊரை விட்டதே அதனால்தான் என்பது தெரியாது.

"கேண்டீன்ல எல்லாரும் சிரிப்பாங்க. எதுக்குன்னு தெரியாம நானும் சிரிப்பேன். இங்க மாட்டுகிட்ட அப்படி நடிக்க வேண்டியதில்ல" என்றார்.

சாப்பிட்டுக் கிளம்பியபோது அவர் மனைவி செல்வி அக்கா பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தார். அருப்புக்கோட்டைக்காரர். அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் கன்னடமும் தெலுங்கும்தான், அக்காவுக்கு இரண்டும் வராது. வழியெல்லாம் பேசினார்: ஓசூரில் வேலை பார்த்த தையல் கம்பெனி, தீபாவளிக்கு வராமல் போன தங்கச்சி, முளைக்காத மிளகாய் விதை. அண்ணன்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. ஓசூரில் தூக்கம் வராமல் உட்கார்ந்தே இருப்பாராம். இங்கே வந்துதான் தூங்குகிறாராம்.

"அவரு நல்லாயிருக்காரு தம்பி. அதுக்குத்தான வந்தோம்."

பஸ் வந்தது. படியில் கால் வைத்தேன்.

"அடுத்த பஸ்ல போங்களேன்" என்றார்.

காலை எடுத்துக்கொண்டேன். அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம். அவ்வளவு நேரமும் அக்காதான் பேசினார்.

கிராமத்துக்குக் குடிபோக நினைப்பவர்கள் தண்ணீர், பாதை, பஸ் எல்லாம் விசாரிப்பீர்கள். கூட வருகிறவர் அங்கே யாரோடு பேசுவார் என்றும் யோசியுங்கள். சும்மா பார்த்துவரப் போகிறவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். அந்தச் சாலையில் யானை நடமாட்டம் உண்டு.

என்னோடு வர யாரும் இல்லை. ஆனாலும் போகும் யோசனையை விட்டுவிட்டேன். ஓசூரில் இறங்கியதும் நேராக அறைக்குப் போகப் பிடிக்கவில்லை. டீக்கடை பெஞ்சில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, எந்த ஊர் என்று கேட்டேன்.