ஜீப்புக்கு வாங்கிய கனத்த பட்டை

எங்கள் ஜீப்பின் பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டை உடைந்தது ஒரு பலாப்பழக் காலத்தில். மலைமேல் வளப்பூர் நாட்டில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து சோளக்காட்டுச் சந்தைக்குப் போக அந்த ஒரு வண்டிதான். போகும்போது பலாவும் மிளகும் மரவள்ளிக்கிழங்கும், அவற்றின் மேல் ஆட்களும். திரும்பும்போது ஆட்கள் மட்டும். வண்டி அப்பாவுடையது. எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அது கிழட்டு வண்டி. ஆனாலும் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல அதன் நல்லதை மட்டுமே சொல்வார் அப்பா.

புதுப் பட்டை வாங்க அவரும் மாமாவும் நாமக்கல்லுக்குக் கிளம்பினார்கள். மாமா என்றால் அப்பாவின் தங்கையைக் கட்டியவர். எங்களுக்கு அடுத்த வீடு. அத்தை அப்போது மாசமாக இருந்தாள். அழுது அடம்பிடித்து நானும் பஸ் ஏறிவிட்டேன்.

அது லாரிகளுக்குப் பட்டை விற்கிற கடை. வளைந்த இரும்புப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டுக்கட்டாகக் கிடந்தன.

"ஆள் ஏத்தறீங்களா, லோடு ஏத்தறீங்களா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ரெண்டுந்தானுங்க" என்றார் அப்பா.

"ரெண்டுக்கும் ஒரே பட்டை சரிப்படாதுங்க. லோடுக்குன்னா கனத்த பட்டை. வண்டி காலியா ஓடுனா அது தூக்கித் தூக்கிப் போடும். ஆளுக்குன்னா மெத்துனு இருக்கும், ஆனா பாரம் தாங்காது. யோசிச்சுச் சொல்லுங்க."

மாமா தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். "ஆளுக்கே போட்டுரலாமுங்க மச்சான். நம்ம ரோடு அப்படி."

"ஆள் உடையறதில்லீங்க மாப்ள. பட்டைதான் உடையுது" என்று முடித்துவிட்டார் அப்பா. என்னைக் கேட்டிருந்தால் நானும் கனத்ததையே காட்டியிருப்பேன். அதற்குத்தான் பளபளவென்று கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தது.

புதுப் பட்டை பூட்டியதும் ஜீப்பின் பின்பக்கம் ஒரு முழம் எழும்பி நின்றது. ஊரே வந்து பார்த்துப் பாராட்டியது. பலாப்பழம் எத்தனை ஏற்றினாலும் அசையவில்லை. ஆனால் சுமை இறக்கிவிட்டுத் திரும்பி வருகையில், ஒவ்வொரு குழியிலும் ஆட்கள் கூரையில் தலை இடித்துக்கொண்டார்கள். யாரும் அப்பாவிடம் குறை சொல்லவில்லை; திரும்பும்போது ஜீப்பில் ஏறாமல் நடந்தே வந்தார்கள். ஒருவர் டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்றார். இன்னொருவர் வழியில் காட்டைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்றார். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் திடீரென்று நடப்பதில் இவ்வளவு ஆசை வந்துவிட்டதே என்று நான் நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்தாரா, நினைக்க விரும்பினாரா, தெரியாது.

அத்தைக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் அவளுக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. ஊருக்கு வந்திருந்த நர்ஸம்மா பார்த்துவிட்டு, சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறிப்போய்ப் போன் செய்தார். ஆம்புலன்ஸ் சோளக்காடு வரைக்கும்தான் வரும். அதற்கு மேல் எங்கள் பாதைக்கு வராது. "தூளி கட்டித் தூக்கிட்டுப் போனா நேரமாயிடும். ஜீப்புலதான் போகணும். ஆனா உடம்பு குலுங்கவே கூடாது" என்றார்.

அப்பா ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். மாமா அவரைப் பார்த்தார். அன்று கடையில் சொன்னதைச் சொல்லிக்காட்ட அதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை. அவரோ பாயை எடுத்துவந்து ஜீப்புக்குள் விரித்தார்.

"பாரம் இருந்தாப் பட்டை அமுங்கிக் குடுக்கும் மாப்ள" என்றார் அப்பா. "கெழங்கு மூட்டை யார் ஊட்லயாச்சும் இருக்குதா கேளுங்க."

யார் வீட்டிலும் இல்லை. இருந்த மூட்டைகளையெல்லாம் முந்தின நாள்தான் அவரே ஏற்றிக்கொண்டுபோய்ச் சோளக்காட்டில் இறக்கியிருந்தார்.

எதிர்வீட்டுப் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். தலை இடித்ததிலிருந்து ஜீப் பக்கமே வராதவர். "எனக்குச் சோளக்காட்டுல உப்பு வாங்கோணும். நானும் வாரேன்" என்று ஏறி ஓரப் பலகையில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர், ரேஷன் கடையில் ஏதோ கேட்க வேண்டுமாம். ஒருவருக்குச் செருப்புத் தைக்க வேண்டும். ஒருவருக்குச் சம்பந்தி வீட்டுக்காரரைப் பார்க்க வேண்டும். களையெடுப்பை விட்டுவிட்டு மண் கையோடு இரண்டு பேர் வந்தார்கள். பலகைகள் நிறைந்து, பின்படியிலும் நின்றார்கள். எழும்பி நின்ற ஜீப் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. நடுவில் பாய் மேல் அத்தையைப் படுக்கவைத்தார்கள். அம்மா அவள் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள்.

"நீயும் ஏறு கண்ணு" என்றார் மாமா. வழக்கமாக என்னை இறங்கச் சொல்லத்தான் ஆள் இருக்கும். பெருமை தாங்காமல் அத்தையின் காலடியில் போய் உட்கார்ந்தேன்.

அப்பா அவ்வளவு மெதுவாக ஓட்டி நான் பார்த்ததில்லை. குழி வரும்போதெல்லாம் பட்டை ஒரு முனகலோடு அமுங்கி எழுந்தது. யாரும் தூக்கிப் போடப்படவில்லை. அத்தை கண்ணை மூடியே இருந்தாள். பாதி வழியில் திறந்து சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஊரே சந்தைக்குக் கெளம்பிருச்சா?" என்றாள்.

"ஆமா சாமி, நீ பேசாமப் படு" என்றார் பெரியப்பா.

சோளக்காட்டில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. அத்தையோடு அம்மாவும் மாமாவும் ஏறிக்கொண்டார்கள். அன்று மாலையே அத்தைக்குப் பெண் பிறந்தது. எடை குறைவு, ஆனால் நல்ல குரல், அத்தையும் நலம் என்று செய்தி வந்தது. அந்த வாரமே அப்பா நாமக்கல் போய்ப் பட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். உடையாத பட்டையை ஏன் மாற்ற வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

ஆனால் அந்தக் காலை நேரத்தில், ஆம்புலன்ஸ் வளைவில் மறைந்த பிறகு, எங்களுக்கு எதுவும் தெரியாது. அப்பா எல்லோருக்கும் டீ சொன்னார். டீயைக் குடித்துவிட்டு ஆட்கள் கடை ஓரத்தில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். செருப்புத் தைக்கவும் சம்பந்தி வீட்டுக்காரரைப் பார்க்கவும் யாரும் எழவில்லை. நேரம் போகிறதே என்று எனக்குத்தான் பதைப்பாக இருந்தது.

"உப்பு வாங்கலீங்களா பெரியப்பா?" என்று கேட்டேன்.

"கடை சாத்தியிருக்குது கண்ணு."

நான் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தேன். "தொறந்துதான் இருக்குதுங்க பெரியப்பா! நல்லாப் பாத்துட்டு வந்தேன்!"

யாரோ சிரித்தார்கள். அப்பா சட்டென்று எழுந்து ஜீப்பருகே போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தார். பெரியப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, கடைக்குப் போய் ஒரு பாக்கெட் உப்போடு வந்தார். நான் சொல்லியிருக்காவிட்டால் வந்த வேலையை மறந்தே போயிருப்பார் என்று, வீடு வரும்வரைக்கும் எனக்கு ஒரே சந்தோஷம்.