பால்கார அக்காவின் காமாலை

மலாய் நாட்டில், காஜா பெராங் என்ற இடத்தில் நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டுக்குப் பின்னால் ஒரு மாட்டுக் கொட்டகை இருந்தது. அதை ஒரு கணவனும் மனைவியும் நடத்தினார்கள். அண்ணன் காலையில் சைக்கிளில் பாலை ஏற்றிக்கொண்டு தெங்கேரா பக்கம் போய்விடுவார். கறப்பது, கொட்டகை கழுவுவது, கன்று ஈனும் மாட்டோடு நிற்பது எல்லாம் அக்காதான். என்னைவிடச் சில வயது மூத்தவர். குரல் கொஞ்சம் பெரிய குரல். மாடுகளைத் திட்டுவது எங்கள் சமையலறை வரைக்கும் கேட்கும்.

நான் அப்போது ஊருக்குள் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டிரசர். ஊசி போடுவது, கட்டுப் போடுவது, தமிழர்கள் சொல்வதை டாக்டருக்கு மலாயில் எடுத்துச் சொல்வது என் வேலை. டாக்டர் சிங்கப்பூரில் படித்துவிட்டு வந்த சீனர். இளைஞர். நோயாளி வீட்டுக்குப் போன பிறகும் அந்த நோயைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்.

மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டின் சுதந்திரத்துக்கு, முந்தைய ஆண்டு அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. சாயங்காலம் ஏறும், சேலை நனைய வேர்க்கும், காலையில் இறங்கிவிடும். சில நாள் நன்றாக இருப்பார். பிறகு மறுபடியும் இடுப்பு, முட்டி எல்லாம் வலி எடுத்துப் படுத்துவிடுவார். மலேரியா என்று கொடுத்த மாத்திரை எதுவும் கேட்கவில்லை. டாக்டரிடம் சொன்னபோது அவர் முதலில் கேட்டது மாடுகளைப் பற்றித்தான். அந்தக் கொட்டகையில் ஒரு மாடு மாதம் நிறையாமல் கன்று வீசியிருந்தது. இளங்கொடி தானாக விழாததால் அக்காதான் கையை விட்டு எடுத்திருந்தார்.

டாக்டருக்கு முகமே மாறிவிட்டது. மாட்டிலிருந்தும் பச்சைப் பாலிலிருந்தும் மனிதருக்கு வரும் காய்ச்சல் ஒன்று இருக்கிறது, இந்தப் பக்கத்தில் அது எத்தனை பேருக்கு இருக்கிறது என்று யாரும் தேடிப் பார்க்கவில்லை, நாம் பார்ப்போம் என்றார். மாடு, ஆடு வளர்ப்பவர்களைக் கூட்டிவரும் பொறுப்பு எனக்கு.

யாரும் லேசில் வரவில்லை. அக்காவின் கணவர் கதவருகே நின்றே பேசினார்.

“ரத்தத்த எடுத்து என்னா செய்யப் போறீங்க? ஆஸ்பத்திரி எல்லாம் சூசாலா தம்பி, பெரிய தொல்ல. நாங்க வரல.”

“அண்ணே, ஒரே ஒரு தடவ. என்னை நம்புங்க. நான்தானே கூட இருக்கப்போறேன்” என்றேன். மறுநாளும் போய்க் கெஞ்சினேன். டாக்டரிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு அதில் இருந்தது.

அக்காவின் ரத்தத்தில் மாட்டுக் காய்ச்சல் இருந்தது. இன்னும் சிலருக்கும் இருந்தது. தினமும் ஒரு ஊசி, கூடவே மாத்திரை. எல்லோரும் காலையில் வந்து பெஞ்சில் வரிசையாக உட்காருவார்கள். செங் பக்கம் ஆடு வளர்த்த ஒருவருக்கு அவசரமாகத் திரும்ப வேண்டும் என்பதால் அவருக்கு முதலில் போடுவேன். அடுத்தது அக்கா. அந்தக் காலத்தில் கண்ணாடிச் சிரிஞ்சுதான். ஆளுக்கு ஆள் ஊசியை மாற்றுவோம். மருந்து ஏற்றும் குழாயை மாற்ற மாட்டோம். காலையில் ஒரு தரம் கொதிக்க வைப்பதோடு சரி. எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அப்படித்தான் போட்டார்.

காய்ச்சல் நின்றது. அக்கா எழுந்து கொட்டகைக்குப் போனார். அந்தப் பெரிய குரல் மறுபடியும் கேட்டபோது நான் என் மனைவியிடம் பெருமையாக, “கேட்டியா, அது என் வேலை” என்று சொன்னேன்.

சில மாதங்கள் கழித்து, ஊரே சுதந்திரப் பேச்சாக இருந்த சமயத்தில், அண்ணன் அக்காவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் வந்தார். அக்காவின் கண்கள் மஞ்சளாக இருந்தன. அதே வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்த இன்னும் இரண்டு பேரும் அதே கண்ணோடு வந்தார்கள்.

டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, ஊசி எப்படிப் போட்டாய், யாருக்கு முதலில் போட்டாய் என்று கேட்டார். சொன்னேன். ஆட்டுக்காரருக்கு முன்பு எப்போதோ காமாலை வந்திருந்தது. அதை நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஒருவர் ரத்தத்தின் துளி மற்றவருக்குப் போனால் மாதங்கள் கழித்துக் காமாலை வரும் என்று யுத்த காலத்திலேயே தெரிந்திருக்கிறது. டாக்டர் அதைப் படித்தும் இருந்தார்.

“சாலா சாயா,” என்றார். என் தப்பு. “ஆராய்ச்சி என்னுடையது. ஆளுக்கொரு சிரிஞ்சு என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.”

அவர் தன் தப்பு என்று சொன்னது எனக்குக் கொஞ்சமும் உதவவில்லை. சிரிஞ்சைப் பிடித்த கை என்னுடையது.

அன்று பிற்பகலே அக்காவின் வீட்டுக்குப் போனேன். அக்கா படுத்திருந்தார்.

“அக்கா, இந்தக் காமாலை ஊசியில வந்திருக்கும்னு டாக்டரு சொல்றாரு. நான் போட்ட ஊசியில.”

அண்ணன் பால் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். “என்னா, மருந்து கெட்ட மருந்தா?”

“மருந்து நல்ல மருந்துதான் அண்ணே. வேற ஒருத்தர் ரத்தம் அந்தக் கொழாயில ஒட்டியிருந்திருக்கு.”

“நாங்க வரலன்னுதானே சொன்னோம்? நீதானே வாசல்ல வந்து வந்து நின்னே?”



“விடுங்க,” என்றார் அக்கா. “அந்தக் காய்ச்சல்லயே நான் போயிருப்பேன்.” பிறகு என்னைப் பார்த்து, “மத்தவங்களுக்கும் இப்படி ஆயிருச்சா தம்பி?” என்று கேட்டார்.

அண்ணன் அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. அக்காவின் கண் மெல்ல வெளுத்தது. மற்ற இருவருக்கும் சரியானது. டாக்டர் ஆளுக்கொரு சிரிஞ்சு என்று விதி போட்டார். மாட்டுக் காய்ச்சலைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் இந்தக் காமாலையையும் ஒளிக்காமல் எழுதினார். “இதை எழுதத்தான் வேண்டுமா?” என்று நான் கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

மறு ஆண்டு அக்காவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அக்கா பழைய அக்கா இல்லை. பாதி வேலையில் உட்கார்ந்துவிடுவார். சோம்பல் வந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். காமாலை இன்னும் உள்ளே இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம் இருந்தது, கேட்கத்தான் பயம். பின்வாசல் வழியாகப் போவதை விட்டு, சுற்றிக்கொண்டு முன்தெரு வழியாகவே வேலைக்குப் போனேன்.

மகள் வளர்ந்து பெரியவளானபோது அக்காவுக்கு வயிறு வீங்கியது. அதற்குள் அந்தக் காமாலைக் கிருமியை ரத்தத்தில் கண்டுபிடிக்கும் சோதனை வந்துவிட்டது. கிருமி அத்தனை ஆண்டும் அக்காவின் ஈரலிலேயே இருந்து அதைக் கெடுத்திருந்தது. மகளையும் சோதித்தார்கள். அவளுக்கும் இருந்தது. பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்தது என்றார்கள்.

நான் பார்க்கப் போனபோது அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குரல் சிறுத்துப் போயிருந்தது.

“தம்பி, என் புள்ளைக்கு நானா இதக் குடுத்தேன்?”

என்னைக் குற்றம் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். இதற்கு நான் தயாராக இல்லை.

“நீங்க இல்லக்கா. நான் குடுத்தது. உங்க வழியாப் போயிருக்கு, அவ்வளவுதான்.”

“அப்ப நாம ரெண்டு பேரும் சேந்துதான்” என்றார். அதில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. அந்த ஆண்டே இறந்துபோனார்.

மகள் செங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். ரத்தம் பார்க்க வேண்டிய நாட்களில் நான் கூடப் போனேன். வரவேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை. அவளுக்கு ஈரல் இதுவரை கெடவில்லை. அவளுக்கு மகன் பிறந்தபோது தடுப்பூசி வந்துவிட்டது; குழந்தை பிறந்த அன்றே போட்டார்கள். பிறகு சோதித்ததில் குழந்தையிடம் கிருமி இல்லை.

பெயர் வைக்கும் நாளில் என்னை அழைத்தாள். போய் வாசலிலேயே நின்றேன். அண்ணன் தள்ளாடியபடி எழுந்து வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காரு. சாப்பிட்டுப் போ.”

உட்கார்ந்தேன். இலையில் எதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.