இடது மூலையில் ஆள் இல்லை

அன்று கறம்பக்குடிப் பக்கத்து மைதானத்தில் இருந்தவர்கள்: எங்கள் கல்லூரிப் பெண்கள் பத்துப் பேர், எதிர்க் கல்லூரிப் பெண்கள் பன்னிரண்டு பேர், நடுவர்கள் இருவர், ஸ்கோர் மேசையில் இருவர், இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு பி.டி. மேடம், தண்ணீர் கேன் இறக்க வந்து ஆட்டம் பார்க்க நின்றுவிட்ட ஆட்டோக்காரர். அப்புறம் நான். பெற்றோர் என்று வந்தது நான் ஒருவன்தான். மற்ற அப்பாக்களுக்கு வேலை இருந்தது. எனக்கும் இருந்தது. கந்தர்வக்கோட்டையில் முந்திரி மூட்டை ஏற்ற வேண்டிய குட்டி யானை லோடு வண்டியை மைதானத்து வாசலில் நிறுத்தியிருந்தேன்.

எங்கள் கல்லூரி என்று வாய் கூசாமல் சொல்கிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். அந்தக் கல்லூரிக்குள் நான் போனது மகளுக்கு ஃபீஸ் கட்டத்தான்.

எனக்குப் பயம் அதிகம். பின்னால் வருகிற லாரிக்கு பிரேக் பிடிக்குமா என்றுகூட நான்தான் கவலைப்படுவேன். என் மகள் ஒருமுறை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் பிசகியது. கால் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. நான் சரியாகவில்லை. ஒவ்வொரு மேட்சுக்கும் முந்தின நாள் அவளுக்குத் தெரியாமல் எங்கள் மேடத்துக்கு போன் போடுவேன்.

"மேடம், நடக்கையில லேசா சாய்ற மாதிரி தெரியுதுங்க. மொதல்ல ஒக்கார வச்சுப் பாருங்களேன்."

"சரிங்க" என்பார் மேடம். பெற்றவன் சொன்னால் என்ன செய்வார்? அவள் இடத்தில் ஒரு மேட்சுக்கு ஒருத்தி, அடுத்த மேட்சுக்கு இன்னொருத்தி இறங்குவாள். நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

அன்று காலை வண்டியில் வரும்போது மகள் சொன்னாள்: "இதான்ப்பா எனக்குக் கடைசி மேட்ச். ப்ராக்டிஸ்ல எல்லாம் மொத அஞ்சு பேர்ல நான் இருக்கேன். மேட்ச்னா ஒக்கார வச்சிர்றாங்க. மேடத்துக்கு எம்மேல நம்பிக்கை இல்ல. இன்னைக்கு ஜெர்சியக் குடுத்துட்டு வந்துர்றேன்."

வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அது. சாலையில் ஓர் ஆடு நின்றது. அதற்கு ஹாரன் அடித்தேன். ஆடு போன பிறகும் அடித்துக்கொண்டிருந்தேன்.

கூடைப்பந்து ஆட்டம் ஆரம்பித்தது. மகள் பெஞ்சில். நான் வழக்கம்போல லோடு கணக்கு நோட்டைப் பிரித்தேன். கூடை போடாமலே பந்தை எதிரணிக்குப் பறிகொடுத்தால் அதற்கு டர்ன்ஓவர் என்று பெயர். யார் விட்டது, எந்தப் பக்கம் விட்டது என்று கோடு போடுவேன். யாரும் கேட்காத வேலை. அன்று பாதி ஆட்டத்துக்குள் பதினான்கு கோடுகள். அணித் தலைவியின் பெயரில் மட்டும் ஒன்பது. இடைவேளையில் நோட்டோடு நேரே மேடத்திடம் போனேன்.

"மேடம், இந்தப் புள்ளய மாத்துங்க. ஆளே இல்லாத எடத்துக்குப் பந்த எறியுது."

மேடம் நோட்டை வாங்கிப் பார்த்தார். "ஒம்பதும் எங்கிட்டு எறிஞ்சா?"

"இடது மூலைக்குங்க."

"ப்ராக்டிஸ்ல அந்த மூலைல யாரு நிப்பா தெரியுமா?"

தெரியவில்லை.

"ஒங்க மக. கண்ண மூடிக்கிட்டு எறிஞ்சாலும் இவ அங்க வந்து புடிச்சிருவா. அந்தப் பழக்கத்துல எறியுறா. நீங்கதான் மேட்சுக்கு மேட்ச் கால் வலின்னு போன் பண்றீங்களே, நான் என்ன செய்ய?"

பெஞ்சிலிருந்து மகள் எழுந்தாள். "யாருக்குக் கால் வலி?"

பத்துப் பெண்களும் என்னைப் பார்த்தார்கள். ஆட்டோக்காரரும் பார்த்தார். ஹாரன் அடிக்கக் கையில் வண்டி இல்லை.

"எனக்குத்தான் தாயி" என்றேன். "ஒனக்கு ஒண்ணுமில்ல. போன் போட்டதெல்லாம் நாந்தான். மேடம் மேல தப்பு இல்ல."

அவள் குனிந்து ஷூ லேஸை இறுக்கினாள். மேடத்திடம், "எறங்கவா?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டாவது பாதி முழுக்க அவள் ஆடினாள். நடுவில் ஓடும்போது மூன்று முறை பந்தை விட்டாள், ஒருமுறை கீழே விழுந்தாள். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடது மூலைக்குப் போன பந்து ஒன்றுகூட வெளியே போகவில்லை. ஆனாலும் ஆறு பாயிண்டில் தோற்றோம். முதல் பாதியில் நான் வெட்டி வைத்த பள்ளம் அவ்வளவு ஆழம்.

முடிந்ததும் மகள் மேடத்திடம் போனாள். ஜெர்சியைக் கழற்றவில்லை. "திங்கக்கிழமை ப்ராக்டிஸ் எத்தன மணிக்கு மேடம்?" என்றாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

தலைவி என்னிடம் வந்தாள். "அங்கிள், என்னைய மாத்தச் சொன்னீங்கள்ல? ஒம்பது பந்து. பந்துக்கு அம்பது ரூவா ஃபைன். டீமுக்குப் புரோட்டா."

"அம்பது அதிகம்மா."

"கொறைக்காதடி" என்றாள் என் மகள். நான் ஒப்புக்கொண்ட பிறகு அவள் என் விஷயத்தில் பேசிய முதல் வார்த்தை அது.

சட்டைப் பையில் இருநூறு இருந்தது. கொடுத்தேன். இன்னும் இருநூற்று ஐம்பது ரூபாய் பாக்கி.