கீழிருந்து படிப்பவர்

சுப்ராய ஹெக்டே ஓட்டல் பலகையைக்கூடக் கீழிருந்துதான் படிப்பார். கஷாயம், கோலி பஜே, நீர் தோசை என்று விரலால் ஒவ்வொன்றாக மேலே ஏறிப்போய், கடைசியில் தினமும் சாப்பிடும் அதே பன்ஸையே கேட்பார். மங்களூரில் மாலைப் பசியோடு இருப்பவன் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கக் கூடாது. நான் ஒன்பது வருடமாக நிற்கிறேன்.

தொழில் அவரை அப்படி ஆக்கிவிட்டது. மருத்துவமனைகளில் நரம்பு வழியாக மருந்து ஏற்றும் பம்புகளுக்கு எங்கள் நிறுவனம் மென்பொருள் எழுதுகிறது. எழுதிய நிரல்கள் எல்லாம் இணையத்தில் வாடகைக்குப் பிடித்த இடத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு திட்டத்தோடும் ஒரு கான்ஃபிக் ஃபைல் உண்டு. எந்தப் பகுதியில் கைவைக்க யாருடைய சம்மதம் வேண்டும் என்று அது சொல்லும். அதில் இரண்டு வரிகள் மோதிக்கொண்டால், கீழே இருப்பதுதான் செல்லும். மேலே எவ்வளவு கண்டிப்பான சட்டம் இருந்தாலும், அடியில் ஒரு வரி சேர்த்து அதைக் கவிழ்த்துவிடலாம். அந்த ஃபைலில் மாற்றம் வந்தால் படித்துச் சம்மதிப்பது ஹெக்டேவின் வேலை, ஆகவே அடியிலிருந்து ஏறுவார்.

ஃபைலைச் சோதிக்க ஒரு நிரலும் வைத்திருக்கிறோம். இரண்டு நொடியில் பச்சை டிக் போட்டுவிடும். அதைச் சொல்லி அவரிடம் அவசரப்படுத்தினால், "அது வாசல்ல செருப்பு ஜோடி ஜோடியா இருக்கான்னு பாக்குது, மாராயா. உள்ள வந்தது யாருன்னு பாக்குறதில்ல" என்பார். சிர்சிக்காரர். ஆண்களிடம் பேசும்போது, 'ஐயா' மாதிரி ஒரு மாராயா இல்லாமல் அவருக்கு வாக்கியம் நிற்காது.

கணினித் திரையில் மர ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாக மேலே நகர்த்துவார். அது முடியும்வரை ஃபைலை எழுதியவர் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நிற்க வேண்டும். இந்த வரி எதற்கு என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டுமல்லவா? எப்படியோ கையைக் கட்டிக்கொண்டு நிற்பது வழக்கமாகிவிட்டது. இருபது பேருக்குத் தலைவியான சுஷ்மா கோட்யானும் நிற்பார், வாய் மட்டும் சும்மா இருக்காது. "ஹெக்டேரே, என் கல்யாண ரிசப்ஷன்லகூட நான் இவ்வளவு நேரம் நிக்கல."

போன செவ்வாய்க்கிழமை சுஷ்மா நின்றுகொண்டிருந்தார். நான்கு மணிக்கு உடுப்பியில் ஒரு மருத்துவமனைக்குப் புதிய பதிப்பு போக வேண்டும். அதற்காக ஃபைலில் ஒரு சிறு மாற்றம், பச்சை டிக்கும் விழுந்திருந்தது. ஹெக்டே ஸ்கேலை அடியில் வைத்தார், வைத்த இடத்திலேயே நிறுத்தினார். எல்லாப் பகுதிக்கும் சுஷ்மாவின் குழு சம்மதித்தால் போதும் என்றது கடைசி வரி. மருந்தளவுப் பகுதிக்கு ரெஜினா பிந்தோவின் சம்மதம் கட்டாயம் என்ற வரி அதற்கு மேலே இருந்தது. ரெஜினா எங்கள் மருந்தியல் நிபுணர். அவர் பெயர் ஃபைலில் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஹெக்டேவுக்குக் கோபம் வந்தது. யார் இதைப் போட்டது என்று திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"நான்தான், மார்ச்சுல" என்றார் சுஷ்மா. "பாஸ் பண்ணது யாருன்னும் பாருங்க."

ஹெக்டே பழைய பதிவைத் திறந்தார். சம்மதித்தவர் சு. ஹெக்டே என்று இருந்தது. தேதியைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கிப்போனது. அன்று சிர்சியில் அவர் மகளின் நிச்சயதார்த்தம். இலை போட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது கைபேசியில் பச்சை டிக்கைப் பார்த்து அழுத்தியிருக்கிறார். கைபேசியில் ஃபைல் மேலிருந்து தொடங்கும். அவர் கீழே போகவே இல்லை.

அதற்குப் பிறகு இன்றுவரை அந்த ஃபைல் அவரிடம் வரவில்லை. இதற்குள் மருந்தளவுப் பகுதியில் பதினோரு மாற்றங்கள் ரெஜினாவின் கண்ணில் படாமலே சேர்ந்திருந்தன. எதுவும் இன்னும் வெளியே போகவில்லை. நான்கு மணிக்குப் போக இருந்தது.

சுஷ்மா குரலைத் தாழ்த்தினார். "வரிய மேல தூக்கிடுங்க, நான் மேடம்கிட்ட சாதாரணமா ஒருதடவை பாக்கச் சொல்றேன். பழச யாரும் நோண்ட மாட்டாங்க." பரிவோடுதான் சொன்னார். ஹெக்டே இடத்தில் நான் இருந்திருந்தால் சரி என்றிருப்பேன்.

ஹெக்டே ஸ்கேலைக் கையில் பிடித்தபடியே மாடிப்படி ஏறினார். நானும் கூடப் போனேன். ரெஜினா அன்று சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பப் பையைத் தோளில் மாட்டியிருந்தார்.

"மேடம், மார்ச்சுல ஒரு ஃபைலைப் படிக்காம பாஸ் பண்ணிட்டேன். மருந்தளவு மாத்தினதுல பதினொண்ணு உங்ககிட்ட வரவே இல்ல."

ரெஜினா திட்டவில்லை. பையைக் கழற்றி வைத்துவிட்டுப் பட்டியலைக் கேட்டார். உடுப்பிக்குப் போன் செய்து இன்று இல்லை என்று சொன்ன சுஷ்மா, அந்தப் பக்கத்து வசவை முழுவதும் தானே வாங்கிக்கொண்டார். ஐந்தரை மணிக்குள் பத்து மாற்றங்கள் சரி என்று தெரிந்தது. பதினோராவதில் ரெஜினாவின் பேனா நின்றது. மருந்தளவு பின்னமாக வந்தால், அதை அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்தும் மாற்றம் அது.

"பெரியவங்களுக்கு இது ஒண்ணும் பண்ணாது" என்றபடி அதைக் கோடு போட்டு அடித்தார். அந்த உடுப்பி மருத்துவமனையில் பாதி வார்டு பச்சிளம் குழந்தைகளுடையது. கால் மில்லி ஏற வேண்டிய குழந்தைக்கு ஒரு மில்லி ஏறியிருக்கும். ஹெக்டே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு கீழே வந்து, பொதுவான வரியை மேலே ஏற்றி, ரெஜினாவின் வரியை அடிக்குக் கொண்டுவந்தார். மாற்றத்துக்கான காரணம் எழுதும் இடத்தில், 'நான் படிக்காமல் சம்மதித்ததைத் திருத்த' என்று எழுதிப் பெயரையும் போட்டார். தான் எழுதியதைத் தானே பாஸ் பண்ண எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் உரிமை இல்லை, அவருக்கும்தான்.

எழுந்து, தன் நாற்காலியில் சுஷ்மாவை உட்காரச் சொல்லி ஸ்கேலைக் கையில் கொடுத்தார்.

"கீழேருந்து வாங்க. நான் எழுதினதாச்சேன்னு விட்டுடாதீங்க."

பிறகு நாற்காலிக்குப் பின்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.