கட்டில் கிடைக்கும் முகவரி

எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போவில் ஒரு காப்பிக்கடை மாடியில் ‘பள்ளி ஆலோசகர்’ ஒருவர் இருந்தார். நல்ல பள்ளிகளில் இடம் வாங்கித் தருவது அவர் தொழில். அவரிடம் கழுத்துப்பட்டை, மேசை விசிறி, பேச்சுத் திறமை எல்லாம் இருந்தன. விதிமுறைகள் மட்டும் என்னிடம் இருந்தன. நகரில் பெயர் பெற்ற பெண்கள் பள்ளி ஒன்றில் நான் தலைமைக் கிராணி, அதாவது தலைமை எழுத்தர்.

மனுக்களுக்குக் கடைசி நாள். தொலைவில் சித்தியவான் பக்க ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் ஒருவர் மனைவியோடும் மகளோடும் வந்தார். மகள் படிப்பில் கெட்டி; நான்காம் படிவ, அதாவது பத்தாம் ஆண்டு அறிவியல் வகுப்புக்கு மனு. ஆலோசகர் அழகாக நிரப்பியிருந்தார். முகவரி மட்டும் ஈப்போ.

“இது யாரு வீடு?”

“அந்த ஆலோசகர் அண்ணனோட தங்கச்சி வீடு சார். லயத்து அட்ரஸ் போட்டா டவுன் ஸ்கூல்ல மனுவத் தூக்கிப் போட்டுருவாங்களாம்லா.”

லயம் என்ற வரிசைக் குடியிருப்புகளில் இருந்த தோட்டத்து ஆட்கள் பலர் அன்று இப்படித்தான் நம்பினார்கள். எங்கள் அஸ்ராமாவின், அதாவது மாணவியர் விடுதியின் கட்டில்களோ, தினமும் வீட்டிலிருந்து வர முடியாத பிள்ளைகளுக்கு மட்டுமே. ஈப்போ முகவரிக்கு வகுப்பில் நாற்காலி கிடைக்கும். படுக்க இடம் கிடைக்காது. அதைச் சொன்னேன்.

“அப்ப அந்தத் தங்கச்சி வீட்டுலயே...” என்று இழுத்தார்.

மனைவி விடவில்லை. “அந்தம்மா நம்ம மூஞ்சியக்கூட பாத்ததில்ல. இவள வச்சிக்குவாளாக்கும்! அஸ்ராமா இல்லன்னா புள்ள சித்தியவான்லேருந்து பறந்தா வரும்?”

“படிச்ச மனுசன் சொன்னாரேன்னு...”

“சாரும் படிச்சவருதான், கண்ணாடி போட்டிருக்காரு பாருங்க.”

மகள் சிரிக்கவில்லை. “அப்பா, நம்ம இருக்குறது லயத்துலதான? அதையே எழுதுறேன்” என்றாள். புது மனுத் தாள் கொடுத்தேன். அங்கேயே நின்று எழுதினாள்.

வகுப்பும் கிடைத்தது, கட்டிலும் கிடைத்தது. பள்ளி திறந்த அன்று தகரப் பெட்டியை இறக்கிவிட்டுத் தகப்பனார் என் மேசைக்கு வந்தார். ஒரு கையில் கால் கட்டிய நாட்டுக்கோழி.

“இங்கெல்லாம் வாங்கக் கூடாதுங்க” என்றேன், முறைப்படி.

“இது ஒங்களுக்கு இல்ல சார். எடம் வாங்கிக் குடுத்த அந்த அண்ணனுக்கு. இங்கேருந்து காப்பிக்கட மாடிக்கு எப்படிப் போறது?”

வழி சொன்னேன். மாடிப்படி குறுகலானது, கோழியைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதையும் சேர்த்துத்தான்.