தூர்ந்த காது

ஒலிம்பிக் ஜூடோ களத்தில் என் மகள் நின்ற நேரம், ஒரு டம்ளர் காபி ஆறும் நேரம்கூட இல்லை. முதல் சுற்றிலேயே எதிராளி அவளை மல்லாத்திவிட்டாள். விழுந்த வேகத்தில் இடது முழங்காலின் தசைநார் அறுந்தது. தென்காசியில் அதைப் பற்றி என் முகத்துக்கு நேரே எவரும் பேசியதில்லை. பேச நான் இடம் கொடுத்ததுமில்லை.

அறுவை சிகிச்சை செய்த மருத்துவர், இனிக் களம் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதன்பிறகுதான் ஆலங்குளத்திலிருந்து சம்பந்தம் வந்தது. நிலபுலம் உள்ள குடும்பம்; மாப்பிள்ளை பொறியாளர். ஒலிம்பிக் போன பெண் என்றே தேடி வந்தார்கள். பெண் பார்க்க வந்த அன்று என் மனைவி மகளின் கூந்தலைத் தளர வாரிக் காதுகளை மறைத்திருந்தாள்.

நிச்சயதார்த்தம் குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில். வெளியே சாரல். தட்டு மாற்றியதும் மாமியார் தம் கையாலேயே மருமகளுக்கு வைரத்தோடு பூட்டுவது அவர்கள் வீட்டு வழக்கம். மாப்பிள்ளையின் அம்மையார் என் மகளின் கூந்தலை ஒதுக்கினார். கை அப்படியே நின்றது.

பயிற்சியில் உராய்ந்து உராய்ந்து, இரத்தம் கட்டி இறுகிப்போன காது அது. உலோகம் அணிந்து மோதக் கூடாது என்பதால் பள்ளி நாளிலேயே தோட்டைக் கழற்றிவிட்டாள்; துளையும் தூர்ந்துவிட்டது. அம்மையார் தோட்டின் தண்டை வைத்து அழுத்திப் பார்த்தார். மகள் முகம் சுளிக்கவில்லை.

"என்னட்டி இது, கோழிக்குடலு மாதிரி சுருண்டு கெடக்கு," என்றாள் பின்னால் நின்ற அவர்கள் வீட்டுப் பெண் ஒருத்தி. சிலர் சிரித்தார்கள்.

அம்மையார் என்னிடம் திரும்பினார். "அண்ணாச்சி, கல்யாணத்துக்குள்ள ஆபரேசன் பண்ணிச் சரியாக்கிருங்க. மூளிக்காதோட எப்பிடி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது?"

நான் வாய் திறக்குமுன் மகள் சொன்னாள்: "முட்டிய அறுத்தாச்சு அத்தை. இதையும் அறுக்க மாட்டேன்."

மாப்பிள்ளை கைப்பேசியிலிருந்து தலை நிமிரவில்லை. ஊர்ப் பெரியவர்கள் என்னைப் பார்த்தார்கள், நான் அவளைக் கண்டிப்பேன் என்று. நான் எழுந்து, மாற்றிய தட்டை எடுத்து அவர்கள் முன்னாலேயே திரும்ப வைத்தேன். பந்தியில் போட்டிருந்த இலைகளில் எவரும் உட்காரவில்லை.

பின்னர் வேறு சம்பந்தம் எதுவும் வரவில்லை. இலத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அவள் விளையாட்டு ஆசிரியை. படி இறங்கும்போது கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறாள். கூந்தலைத் தூக்கி உச்சியில் முடிந்துகொள்கிறாள். விசேஷ வீடுகளுக்கு அவளோடு வர என் மனைவிக்கு மனமில்லை. நான் அழைத்துச் செல்கிறேன். முன்வரிசையில்தான் அமர்கிறோம். எங்கள் வரிசை நிரம்பத்தான் சற்று நேரமாகிறது.